கண்ணில் படும்படி வைத்தது

தெற்குக் காற்று திரும்பிவிட்ட மாதம். லிஃபுகாத் தீவின் மேற்குக் கரையில் கடல் பகலெல்லாம் பவளத்திட்டின்மேல் மோதி நுரை கக்கிக்கொண்டிருந்தது. மழை ஒரேயடியாகப் பெய்து தீராமல் வந்து வந்து போயிற்று. தலைநகரிலிருந்து வரவேண்டிய கப்பல் புறப்பட்ட பிறகும் அலைக்கு அஞ்சித் திரும்பிப் போய்விட்டதென்று வானொலியில் சொன்னார்கள். அந்தக் கப்பலில்தான் சைமோனேக்கு, ஈயம் உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் புதிய சால்டரிங் அயர்ன் வரவேண்டியிருந்தது.

படகுக்காரர்களின் வானொலிகள், தேவாலயத்து ஒலிபெருக்கி, பள்ளிக்கூடத்து மணி என்று அத்தீவில் வாயடைத்துப்போன எதுவும் முதலில் வந்து சேரும் இடம் சைமோனேயின் மேசைதான். வீட்டுக் கூடத்தில் சன்னலோரமாக அந்த மேசை. கூடத்தின் மறுபாதியில் அவன் மனைவி லாவினியாவும் அண்டைவீட்டுப் பெண்களும் கால் நீட்டி அமர்ந்து, வெளுத்துக் காயவைத்த தாழை மடல்களைக் கீறிப் பாய் முடைவார்கள். ஈயம் உருகும் வாடையும் தாழையின் வாடையும் கலந்துதான் அந்த வீட்டுக்கு மணம்.

பழைய அயர்ன் கனத்தது. கையில் எடுத்தால் சுத்தியல்போல் இருக்கும். இத்தனை ஆண்டுகள் சூடேறிச் சூடேறி அதன் வயிற்றுக்குள்ளிருந்த மின்காப்பு வெடித்துவிட்டது. பிளக்கைச் செருகிய மறுகணமே சுவரிலுள்ள பாதுகாப்புச் சுவிட்ச் படக்கென்று விழும். வீடு முழுவதும் இருண்டுபோகும். வானொலியில் பாடிக்கொண்டிருந்த தோத்திரப் பாட்டு பாதி அடியில் அறுந்து நிற்கும்.

"ஏங்க, ஃப்ரீசர்ல மீன் கெடக்கு. அது உங்க அயர்ன் மாதிரி செத்துச் செத்துப் பொழைக்காது" என்றாள் லாவினியா, மடலிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"கப்பல் வரட்டும்."

"கப்பல் வர்றதுக்குள்ள மீனுக்குக் கால் மொளச்சு அதுவே கடலுக்கு நடந்து போயிரும்."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் லாவினியா தொடர்ந்தாள். "புதுசு வந்தாத்தான் என்ன? எத்தன நாளைக்கு நம்ம வீட்டுல இருக்கும்? உங்க அக்கா மக பிசிலா வருவா. 'மாமா, நல்லாருக்கே'ன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்."

"அவ எடுக்காம வேற யாரு எடுப்பா?"

"எடுக்கட்டும், நான் என்ன கைய பிடிச்சேனா? கல்யாண வீட்டுல உங்க மூக்கு மேல இருந்த கண்ணாடியையே கழட்டிட்டுப் போனவளாச்சே. நீங்க வழியெல்லாம் தடவித் தடவி வீடு வந்து சேந்தீங்க."

அதற்கும் சிரிப்பு. அக்காளின் பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டில் கேள்வி கிடையாது. ஃபாஹு என்பது அந்த உரிமையின் பெயர். பானையைத் திறந்து உண்ணலாம். பன்றிக்குட்டியை அவிழ்த்துப் போகலாம். மாமன் மறுப்பதற்கில்லை, முகம் சுளிப்பதற்குமில்லை. அக்காள் உயர்ந்தவள், அவள் வயிற்றில் பிறந்தவர்களும் உயர்ந்தவர்கள். அந்த உரிமையில் சைமோனேக்கு உள்ளூரப் பெருமைதான். ஆயினும் தொழில் செய்பவனுக்குக் கருவியின்மேல் ஒரு பிடிப்பு இருக்கத்தானே செய்யும்?

குரலைத் தாழ்த்திக்கொண்டு அவன் சொன்னான்: "அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். புதுசு வர்ற அன்னைக்கு அத உள்ள பெட்டியில போட்டிரலாம். பழசத் தொடச்சு மேசையில கண்ணுல படுற மாதிரி வச்சிரு. வந்தா அத எடுத்துட்டுப் போகட்டும். புள்ளைக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்."

"சுவிட்சு விழுகிற அயர்ன வச்சு அவ என்ன பண்ணுவா?"

"என்னமும் பண்ணட்டும். விழுந்தா எங்கிட்டக் கொண்டு வருவா, நான் பாத்துக்கிடுறேன்."

அந்த வீட்டில் இது புதிய தந்திரமன்று. கம்பி ஒடிந்த குடையும், ஒரு பக்கம் மட்டும் பாடும் வானொலியும் முன்னரே அவ்வழியில் போயிருந்தன. லாவினியா தலையசைத்தாள். பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று.

அன்று பிற்பகல் தேவாலயத்து ஒலிபெருக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் அமர்ந்தான். ஞாயிறு வழிபாட்டுக்குள் அது பேசியாக வேண்டும். செருகினான், விழுந்தது. சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடியும் செருகினான், மறுபடியும் விழுந்தது. கூடத்துப் பெண்கள் "ஓ..." என்று ஒருசேர ராகம் இழுத்தார்கள். அவனுக்குச் சினம் பொங்கிற்று. பிளக்கைக் கழற்றித் திறந்து, எர்த்துக்குப் போகும் பச்சைக் கம்பியைக் கத்தரித்து எறிந்துவிட்டு மூடினான். இப்போது சுவிட்ச் விழவில்லை. விளக்கு எரிந்தது, பாட்டு ஒலித்தது, மீன் உறைந்தது.

செய்தது இன்னதென்று அறியாதவனல்லன் அவன். கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப் போக இருந்த ஒரே வழியை அடைத்தாயிற்று. இனி அது அயர்னின் இரும்பு உடம்பிலேயே, வழி பார்த்துக் காத்திருக்கும். ஆகவே ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, காய்ந்த பலகைமேல் நின்று, மரப்பிடியை மட்டுமே தொட்டு வேலை செய்தான். கப்பல் வரும்வரைதானே என்று எண்ணினான். லாவினியாவிடம் சொல்லவில்லை. அவள்தான் அதைத் தொடுவதே இல்லையே.

பழைய அயர்னைப் பற்றி அவன் சொல்லிவைத்த சொல் மட்டும் அந்த வீட்டில் அப்படியே இருந்தது. அயர்ன் வேறாகிவிட்டதைச் சொல் அறியவில்லை.

கப்பல் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. நண்பன் மோசேசேயின் வண்டியில் ஏறிச் சைமோனே துறைமுகத்துக்குப் போனான். மாவு மூட்டைகளும் உறவினர் அனுப்பிய பீப்பாய்களும் இறங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் இடிபட்டு நின்று, கைக்கடக்கமான ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினான். வழியெல்லாம் மோசேசே ஓயவில்லை.

"ஏ மச்சான், இந்தத் தீப்பெட்டிக்குத்தானா இத்தன நாளா கடலப் பாத்து ஏங்குன? நான் நெனச்சேன், எவளோ வெள்ளக்காரி வாராளோன்னு."

"வெள்ளக்காரி வந்தா உன் வண்டியில ஏத்துவேனா? கதவக் கயித்தால கட்டி வச்சிருக்க."

"கயிறுன்னாலும் அது எங்க ஊருக் கயிறு வே, அறாது."

சிரித்துக்கொண்டே வீட்டு வாசலில் இறங்கினான். பெட்டியை உயர்த்திக் காட்டியபடி கூடத்துக்குள் நுழைந்தவன், மேசையைப் பார்த்தான். திறந்து கிடந்த ஒலிபெருக்கி இருந்தது. கத்தரிக்கோல் இருந்தது. அயர்ன் இல்லை.

"லாவினியா, அயர்ன் எங்க?"

அடுப்படியில் சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றி மடித்துக்கொண்டிருந்தவள், வெற்றி பெற்றவள்போல் முகம் மலர எட்டிப் பார்த்தாள். "நீங்க சொன்னபடியேதான். கப்பல் வந்துருச்சுன்னு கேட்டதும் அதத் தொடச்சு, ஒயரச் சுத்தி, பாக்க அழகா மேசை நடுவுல வச்சேன். பிசிலா வந்தா. கண்ணு நேரா அதுமேலதான் போச்சு. அவ எக்காளத்துல ஏதோ தாங்கிக் கம்பி விட்டுப்போச்சாம், நாளைக்குக் கோயில்ல பாண்டு வாசிக்கணுமாம். 'அத்தை, இதையும் ஈயத்தையும் எடுத்துட்டுப் போறேன்'னா. நான் சிரிக்காம நின்னது எனக்கே ஆச்சரியம்."

சைமோனேயின் கையிலிருந்த பெட்டி நழுவித் தரையில் விழுந்தது.

"என்னங்க?"

"நான் அதோட எர்த்த வெட்டிட்டேன்."

"அப்படின்னா?"

"அதத் தொட்டா ஆளு செத்துரும் லாவினியா."

அவள் கையிலிருந்த இலைமடிப்பு அவிழ்ந்து பால் வழிந்தது. எக்காளம் பித்தளை. பித்தளையை ஒரு கையில் இறுகப் பிடித்தால்தான் மறு கையால் அயர்னின் முனையை அதன்மேல் வைத்து அழுத்த முடியும். தன் வீடாயிருந்தால் அந்தச் சுவிட்சாவது விழுந்து உயிரைக் காக்கும். அக்காள் வீடு பழைய வீடு. அங்கே ஃபியூஸ் கம்பியைத் தவிர வேறு காவல் இல்லை. இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒரே சமயத்தில் அவன் நெஞ்சில் வந்து நின்றன. லாவினியா தொலைபேசியை எடுத்து அக்காள் வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை.

"மோசேசே!" என்று அவன் அலறிய அலறலில், திருப்பத்தை எட்டியிருந்த வண்டி நின்றது.

"என்ன வே, வெள்ளக்காரிய விட்டுட்டு வந்துட்டியா?" என்று தொடங்கிய மோசேசே, அவன் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. முன் கண்ணாடியில் நீர் திரையாக இறங்கிற்று. பாதையின் குழிகளெல்லாம் நிரம்பித் தளும்பின. எங்கும் ஈரம். ஈரத்தில் மின்சாரம் எப்படிப் பாயும் என்பதைச் சைமோனே அறிவான். வாய் தானாக ஏதோ ஒரு வேண்டுதலைத் தொடங்கிற்று. 'ஆண்டவரே' என்ற முதற்சொல்லுக்கு அப்பால் அது நகரவில்லை.

அவன் அக்காள் லேசியேலியின் வீடு ஊரின் வடகோடியில். வேலியோரத்துச் சீமைப்பலா மரத்தடிதான் அவன் கால் இதுவரை எட்டிய எல்லை. பருவம் வந்த நாள் முதலாக அக்காளும் தம்பியும் ஒரு கூரையின்கீழ் உறங்கியதில்லை. அவள் படுக்கும் அறைக்குள் அவன் நிழலும் விழுந்ததில்லை. மரத்தடியில் நின்று கனைப்பான். அவள் வாசலுக்கு வருவாள். குனிந்த தலையோடு இரண்டு சொல் பேசிப் பிரிவார்கள். அவளைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்து அவன் செய்யும் வழிபாடு அது.

பழக்கம் அப்போதும் அவன் காலைப் பிடித்து மரத்தடியில் நிறுத்திவிட்டது. அவன் கனைத்தான்.

லேசியேலி வாசலில் தோன்றினாள். "தம்பியா? மழையில ஏன் நிக்கிறீங்க? இருங்க, முன்னாடி பாய் விரிக்கிறேன்."

"அக்கா, பிசிலா எங்க?"

"எம் ரூம்புலதான். வெளிச்சுவத்துப் பிளக்கெல்லாம் நனஞ்சு கெடக்குன்னு அங்க போயி உக்காந்து எக்காளத்த..."

"பிளக்கப் பிடுங்கச் சொல்லுங்க! பிடுங்கச் சொல்லுங்கக்கா!"

வாழ்நாளில் அவன் அவள் எதிரே குரலை உயர்த்தியதில்லை. சொல்லின் பொருள் அவளை எட்டுமுன் குரல் எட்டிவிட்டது. அவள் அதிர்ந்து நின்றாள். தம்பிக்கு மது ஏறிவிட்டதோ, சித்தம் கலங்கிவிட்டதோ என்று தேடுவதுபோல அவள் கண்கள் அவன் முகத்தில் அலைந்தன.

அறைக்குள் ஏதோ உருண்டு சுவரில் மோதும் ஓசை. அதன்பின் குரலே இல்லை.

சைமோனே ஓடினான். அக்காளின் தோளை இடித்துக்கொண்டு வாசலைக் கடந்தான். திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு அறைக்குள் விழுந்தான். சன்னல் வழியே வந்த சாரலில் சிமெண்டுத் தரை பளபளத்தது. பிசிலா வெறுங்காலோடு அதன்மேல் அமர்ந்திருந்தாள். எக்காளம் மடியில் இருந்தது. இடக்கை அதை இறுகப் பற்றியிருந்தது. அயர்னின் இரும்புத் தண்டு அதன் வளைவுக்குள் சிக்கிக் கிடந்தது. ஈயச்சுருள் சுவரோரம் உருண்டு போயிருந்தது. அவள் கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது. உடம்பு மட்டும் வில்லாக விறைத்து, மெல்ல மெல்ல உதறிற்று.

பிளக் அக்காளின் கட்டில் தலைமாட்டில் இருந்தது. அக்காளின் படுக்கைமேல், அவள் தலையணைமேல், நனைந்த முழங்காலை ஊன்றி அவன் தாவிப் பிளக்கைப் பிடுங்கினான்.

பிசிலா சாய்ந்தாள். எக்காளம் கணீரென்று தரையில் மோதிற்று. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு நெடுநேரம் நீருக்குள் மூழ்கியிருந்தவர் மேலே வந்து இழுக்கும் முதல் மூச்சுப்போல, நெஞ்சைக் கிழிக்கும் ஒரு மூச்சு அவளிடமிருந்து வந்தது. தொடர்ந்து அழுகை. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் சைமோனேக்குத் தான் நிற்கும் இடம் புலப்பட்டது. திரும்பினான். நிலைப்படியில் அக்காள் நின்றாள். மகளையும் தம்பியையும் தன் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சினம் இல்லை. இன்னது நடந்ததென்று இன்னும் ஏற்றுக்கொள்ளாத முகம் அது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பிற்பகல் கழிந்தது. மருத்துவர் பிசிலாவின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். கருவி பூட்டிப் பார்த்தார். உயிருக்கு ஆபத்தில்லை, இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார். இடது உள்ளங்கை வெந்துபோயிருந்தது.

தாழ்வாரத்து விசிப்பலகையின் ஒரு முனையில் லேசியேலி அமர்ந்திருந்தாள். வெளியே வருகையில் மரியாதைக்குச் சுற்றும் இடுப்புப்பாயை அவசரத்தில் கட்டியிருந்தாள். முடிச்சு ஒரு பக்கம் தொங்கிற்று. நடுவில் லாவினியா. சைமோனே தூணுக்கு அப்பால் நின்றான். லேசியேலி தம்பியின் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"லாவினியா, தம்பிகிட்டக் கேளு. அந்த அயர்ன் கெட்டுப்போனது அவருக்கு முன்னமே தெரியுமா?"

அவன் காதில் விழுந்ததுதான். ஆயினும் லாவினியா முகத்தைத் திருப்பி, "கேக்குறாங்க" என்றாள்.

"தெரியும்னு சொல்லு."

"தெரியுமாம் மைனி."

"தெரிஞ்சும் ஏன் தூக்கி எறியல?"

லாவினியா குறுக்கிட்டாள். "மைனி, அத மேசையில வச்சது நாந்தான். அவரு துறைமுகத்துக்குப் போயிருந்தாரு. எனக்குத்தான் புத்தி இல்ல. நான் பாவி, என்ன ரெண்டு அடி அடிச்சிருங்க..."

"நீ ஏன் வச்ச?"

லாவினியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சைமோனே தூணைவிட்டு வெளியே வந்தான். நடுவில் இருந்தவளைத் தாண்டி, நேராக அக்காளிடம் பேசினான்.

"அக்கா, நாந்தான் வைக்கச் சொன்னேன். பிசிலா வந்தா புதுச எடுத்துருவாளேன்னு, பழசக் கண்ணுல படுற மாதிரி வச்சு, அத எடுத்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். சொன்ன பொறவுதான் எர்த்த வெட்டுனேன். சொன்னது எனக்கு மறந்துபோச்சு. அவளுக்கு மறக்கல."

லேசியேலி நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் ஓடும் மழைநீரைப் பார்த்துக்கொண்டே, அவளும் நடுவில் ஆள் வைக்காமல் பேசினாள்.

"நீங்க அப்படி வைக்கிறது எனக்குத் தெரியும் தம்பி."

அவன் தலை நிமிர்ந்தது.

"அவ கொண்டு வர்றதெல்லாம் எங்கண்ணுலதான படுது? கம்பி ஒடிஞ்ச குடை. ஒருபக்கம் பாடுற ரேடியோ. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. உங்களுக்கும் புள்ளைக இருக்கு, தொழில் இருக்கு. நான் இவகிட்டச் சொல்லித்தான் அனுப்புவேன். மாமா வீட்டுப் பெட்டியத் தொறக்காத, உள் ரூம்புக்குப் போகாத. வெளிய என்ன இருக்கோ அதுதான் மாமா உனக்குன்னு எடுத்து வச்சது. அத மட்டும் எடுத்துட்டு வான்னு."

தொங்கிய இடுப்புப்பாய் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"மாமா வெளிய வச்சது எதுவா இருந்தாலும் தொடலாம்னு நெனச்சுட்டேன்."

லாவினியா ஓவென்று அழுதுவிட்டாள். சைமோனேக்கு அழுகை வரவில்லை. பிளக்கைப் பிடுங்கியது அவன்தான். ஆயினும் அந்த மின்சாரம் இப்போதுதான் தன் உடம்புக்குள் நுழைவதுபோல அவன் அசைவற்று நின்றான். தான் கஞ்சத்தனம் என்று எண்ணிச் சிரித்துவந்ததை அக்காள் கொடையென்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டிருந்தாள் இத்தனை காலமும்.

ஞாயிறன்று தேவாலயத்தில் ஒலிபெருக்கி பேசவில்லை. போதகர் தொண்டை வறளக் கத்தினார். பாண்டில் ஓர் எக்காளம் குறைந்தது. காரணம் ஊருக்கே தெரிந்திருந்தது. எவரும் சைமோனேயிடம் எதுவும் கேட்கவில்லை. மோசேசேகூடக் கேலி செய்யாமல் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

சைமோனே அந்தப் பழைய அயர்னைக் கல்லால் நசுக்கிக் குழியில் புதைத்தான். பிறகு உள்ளறையிலிருந்த பெட்டிகள் அனைத்தையும் கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்து வைத்தான். நல்ல தூண்டில் உருளை, லாவினியாவின் தாயார் தந்த மரப்பட்டைத் துணி, புதிய குடை எல்லாம் கண்ணுக்கு எதிரே கிடந்தன. லாவினியா அவற்றைச் சுற்றி நடந்துபோனாள்.

கட்டுப் போட்ட கையோடு பிசிலா வந்தது ஒரு தெளிந்த முற்பகலில். வலக்கையில் ஓலைக்கூடை, அதற்குள் மண்ணடுப்பில் வெந்த கிழங்கும் மீனும்.

"அம்மா குடுத்துவிட்டாங்க, அத்தை."

"வாம்மா, வா. உக்காரு. கை எப்படி இருக்கு? பாரு, மாமா எல்லாத்தையும்... எது வேணுமோ..." லாவினியாவுக்குச் சொல் தடுமாறிற்று.

"கை பரவாயில்ல அத்தை. தோல் உரியுது, அவ்வளவுதான். மாமா நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

அவள் புன்னகைத்தாள். பொய்யான புன்னகை அன்று அது. அவள் முகத்தில் கோபத்தின் நிழலும் இல்லை. திறந்த பெட்டிகளுக்கு நடுவே கிடந்த ஒற்றையடி இடைவெளியில், பாவாடை ஒன்றிலும் உரசாதபடி ஒதுங்கி ஒதுங்கி நடந்து அடுப்படி வாசலுக்கு வந்தாள். அந்த அடுப்படியில் அவள் திறக்காத பானை இல்லை. பேசிக்கொண்டே பாதிக் கிழங்கைத் தின்றுவிட்டு மீதியை மாமன் கையில் வைத்துவிட்டுப் போகிறவள். தண்ணீர்க் குடம் எட்டும் தூரத்தில் இருந்தது. மேலே குவளை கவிழ்த்திருந்தது.

பிசிலா நின்றாள். திரும்பிச் சைமோனேயைப் பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடிச்சுக்கட்டுமா?"

அவள் பிறந்த நாள் தொட்டு அந்த வீடு கேட்டறியாத கேள்வி. லாவினியாவின் கை கூடையின்மேல் அப்படியே நின்றது. சைமோனே வாயைத் திறந்தான். குடி என்று அவளுக்கு அனுமதி தரும் உரிமை அவனுக்கு என்றும் இருந்ததில்லை; அந்தச் சொல் அவன் நாவில் எங்கும் இல்லை.

குவளையைத் தொடாமல், விடைக்காகப் பிசிலா காத்துக்கொண்டு நின்றாள்.